பார்ட்டிஷன்: பிரிவினையா, பாத்தியா?

பினாங்கில் பார்ட்டிஷன் என்றால் முதலில் பலகைத் தடுப்புதான் நினைவுக்கு வரும். ஜார்ஜ்டவுன் பழைய கடைவீட்டு மாடியில், ஒரே கூடத்தைப் பலகையடித்து நாலு அறையாக்கி வாடகைக்கு விடுவார்கள். போன மாதம் அங்கே ஒரு மாமாக் கடையில் (தமிழ் முஸ்லிம் உணவகம்) உட்கார்ந்து, தம்பி ஒருவரின் பழைய மடிக்கணினியில் டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளத்தை ஏற்றிக்கொண்டிருந்தோம். வட்டை எப்படிப் பிரிப்பது (அதற்கும் பார்ட்டிஷன் என்றே பெயர்) என்று திரை கேட்டதும் வாக்குவாதம்.

"ஹோமத் தனியா போட்டுருங்கண்ணே" என்றார் கூட இருந்த இன்னொரு அண்ணன். ஹோம் என்றால் நம் சொந்தக் கோப்புகள் இருக்கும் இடம்.

"இருக்கறதே 128 ஜிபி. அதுல என்னத்தப் பிரிக்கறது?" என்றேன் நான்.

தே தாரிக் (பால் டீ) ஆறிப்போனது.

பாகம் என்று பொருள்படும் 'பார்ஸ்' என்ற லத்தீன் சொல்தான் பார்ட்டிஷனுக்கு மூலம். 1983இல் வன்வட்டோடு வந்த ஐபிஎம் பிசி எக்ஸ்டி கணினியும் டாஸ் 2.0 இயங்குதளமும் அதை மேசைக் கணினிக்குள் கொண்டுவந்தன. உண்மையில் வட்டில் எதுவும் வெட்டுப்படுவதில்லை. எங்கே தொடக்கம், எவ்வளவு நீளம் என்று வட்டின் தலைப்பகுதியில் ஒரு வரி எழுதுகிறோம், அவ்வளவுதான். பழைய எம்பிஆர் முறையில் வரிக்கு 16 பைட்டு, மொத்தமே நாலு வரி. இப்போதைய ஜிபிடி முறையில் வழக்கமாக 128 வரிக்கு இடமுண்டு.

தமிழில் என்ன சொல்வது? 'பிரிவினை' என்றால் சொத்து வழக்கு வாடை. 'பகிர்வு' கோப்பு அனுப்புவதற்குப் போய்விட்டது. 'வகிர்வு' அழகுதான், தலை வகிடும் அதற்குச் சொந்தம். ஆனால் ஒவ்வொரு முறையும் விளக்க வேண்டும். என் ஓட்டு 'பாத்தி'க்கு. 'பகு' என்ற வேரில் பிறந்த சொல். "வளர்வதன் பாத்தியுள் நீர்சொரிந் தற்று" என்று குறளிலேயே (718) இருக்கிறது. பார்ஸோடு ஒலி ஒத்துப்போவது தற்செயல்; அதை வைத்து லத்தீனைத் தமிழாக்கிவிட வேண்டாம்.

பாத்தி என்று சொன்னதும் அந்த வாக்குவாதமும் புரிந்துவிடுகிறது. ஹோம் தனிப் பாத்தியில் இருந்தால், பக்கத்துப் பாத்தியைக் கொத்திப்போட்டு இயங்குதளத்தைப் புதிதாக நட்டாலும் உங்கள் கோப்புகள் அப்படியே நிற்கும். ஆனால் வரப்பு வரப்புதான். இயங்குதளம் இருக்கும் ரூட் பாத்தி நிரம்பி வழியும்போது ஹோமில் 60 ஜிபி சும்மா கிடந்தாலும் இந்தப் பக்கம் வராது. எல்விஎம் என்ற வட்டு மேலாண்மை முறையைப் போட்டால் வரப்பைக் கொஞ்சம் நகர்த்தலாம். புதியவருக்கு அது வேறொரு தலைவலி.

ரேம் போதாதபோது வட்டில் எடுத்துக்கொள்ளும் இடம்தான் ஸ்வாப். அதற்கு ரேமைப் போல இரண்டு மடங்கு என்பது ரேமை மெகாபைட்டில் எண்ணிய காலத்து அறிவுரை. 16 ஜிபி ரேமுக்கு அப்படிப் பார்த்தால் 32 ஜிபி. தம்பியின் வட்டில் கால்வாசி போச்சு. இன்னொரு லினக்ஸான உபுண்டு, 17.04 பதிப்பு முதல் ஸ்வாப்புக்குத் தனிப் பாத்தி கட்டாமல் ஒரு கோப்பாகவே வைத்துக்கொள்கிறது.

சின்ன வட்டென்றால் எல்லாக் கோப்பும் ஒரே பாத்தியில் என்பதே என் கட்சி. டெபியனை ஏற்றும் நிறுவி நிரலும் புதியவர்களுக்கு அதைத்தான் பரிந்துரைக்கிறது. தம்பி அதையே தட்டினார். ஹோம் அண்ணனுக்கு இன்னும் மனசு ஆறவில்லை, ஆனால் 'பாத்தி கட்டுதல்' என்ற வினையை மட்டும் அன்றே எடுத்துக்கொண்டார்.