சொல் விளக்கம்: தத்துவம்

மதுரை மாட்டுத்தாவணிக்குக் காய்கறி ஏற்றி வரும் வண்டிகளின் பின்பலகையிலும், நாள்காட்டித் தாளின் அடியிலும் காணப்படும் ஓரிரு வரி அறிவுரையை இன்று பலரும் தத்துவம் என்றே அழைக்கின்றனர். ‘காலையிலேயே தத்துவம் பேசாதே’ என்று ஒருவரைக் கேலி செய்வதற்கும் அதே சொல்தான் உதவுகிறது. இவ்விரண்டு வழக்கும் சொல்லின் மூலப்பொருளுக்கு வெகு தொலைவில் உள்ளன.

வடமொழியில் ‘தத்’ என்பது ‘அது’ எனப் பொருள்படும். ‘த்வ’ என்பது தன்மையைக் குறிக்கும் விகுதி. ஆகவே ஒரு பொருள் அதுவாகவே இருக்கும் நிலை, அதாவது அதன் உண்மை இயல்பு, தத்துவம் எனப்பட்டது. சாங்கியம் என்னும் பண்டைய இந்திய மெய்யியல் மரபு 25 தத்துவங்களையும் சைவ சித்தாந்தம் 36 தத்துவங்களையும் எண்ணிக் கூறும்போது, ஐம்பூதங்கள் முதலாக உலகையும் உயிரின் அறிவையும் ஆக்கும் கூறுகளையே குறிக்கின்றன. அறிவுரைக்கு அங்கு இடமில்லை. இப்பொருளுக்குத் தமிழில் ‘மெய்ப்பொருள்’ என்னும் சொல் உண்டு. ‘எப்பொருள் எத்தன்மைத் தாயினும் அப்பொருள் மெய்ப்பொருள் காண்ப தறிவு’ என்னும் 355ஆம் குறளில் அது பொருந்தி நிற்கிறது. துறையின் பெயராக மெய்யியல் என எழுதுவதே தகும்.

அப்படியானால் வண்டியில் எழுதிய வரிக்கு எது பெயர்? முதுமொழி என்பதே என் விடை. நுண்மை, சுருக்கம், ஒளியுடைமை, எளிமை ஆகியவை விளங்க, ‘குறித்த பொருளை முடித்தற்கு வரூஉம் ஏது நுதலிய முதுமொழி’ என்று தொல்காப்பியம் அதற்கு இலக்கணம் வகுக்கிறது. எடுத்த பேச்சை முடிப்பதற்குக் காரணமாக வந்து நிற்க வேண்டும் என்பதே இதில் கவனிக்கத்தக்கது. மேலூர்ப் பக்கத்துச் சிற்றூர்களில் பாகப்பிரிவினைப் பேச்சு முற்றும்போது, ‘தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு’ என்று ஒரு பெரியவர் சொல்வாரானால், அது உலகியலை எடுத்துரைக்கும் அழகுரையாக நின்றுவிடாமல், வரப்பை எங்கே போடுவது என்னும் வழக்கைத் தீர்க்கும் ஏதுவாகிவிடுகிறது. உறவு பெரிது, ஆயினும் பசி தனித்தனி என்னும் மனித இயல்பை இதைவிடச் சுருக்கமாகக் கூறுவது அரிது.

மதுரைக் கூடலூர் கிழார் இயற்றிய முதுமொழிக்காஞ்சி இச்சொல்லைப் பெயரிலேயே தாங்கியுள்ளது. ‘ஆர்கலி உலகத்து மக்கட் கெல்லாம் ஓதலின் சிறந்தன்று ஒழுக்க முடைமை’ என்று அது தொடங்குகிறது. கறாராக நோக்கினால், எந்த வழக்கையும் முடிக்க வராமல் தனித்து நிற்கும் அதன் கூற்றுகள் தொல்காப்பிய இலக்கணத்தில் முழுதாக அடங்கா. சொல்லின் பொருள் அக்காலத்திலேயே விரிந்துவிட்டது எனக் கொள்ளலாம்.

பழமொழி என்பதும் பழைய சொல்லே. நன்மை செய்தவர்க்குத் தீமை இல்லை என்னும் ‘தொன்றுபடு பழமொழி’ இன்று பொய்த்துவிட்டதோ என்று அகநானூற்றுத் தலைவி ஒருத்தி (பாடல் 101) தோழியிடம் கேட்கிறாள். முன்னோர் மொழியையும் வாழ்க்கையோடு ஒட்டிப் பார்த்து ஐயுறும் அவள் துணிவு, அதைப் பொன்னெழுத்தில் எழுதி மாட்டுவோரிடம் காணக் கிடைப்பதில்லை.

மதுரை, தேனி வட்டாரங்களின் பேச்சில் பழமொழிக்குச் சொலவடை என்று பெயர். ‘சொல்’ என்னும் வேரிலிருந்து கிளைத்த இவ்வழக்கைக் கொச்சை எனத் தள்ளுவது முறையன்று. ஊர்ப்பேச்சைப் பதிவு செய்வோர் இதையே எழுதலாம். பொன்மொழி என்பதைப் பெயர் தெரிந்த ஒருவரின் கூற்றுக்கு மட்டும் ஒதுக்கிக்கொள்வது நல்லது.