ஓடாத சக்கரம்தான் முதலில் கெடும்

ஒரு சனிக்கிழமை காலை. கடையைத் திறந்து முதல் கோப்பிகூடக் குடிக்கவில்லை, போன் வந்துவிட்டது. “தம்பி, டிரெய்லர் சக்கரத்துல புகை வருது. எக்ஸ்பிரஸ்வே ஓரமா நிறுத்தியிருக்கேன்.” பணி ஓய்வுக்குப் பிறகு சின்ன மீன்பிடிப் படகு ஒன்று வாங்கி, மாதம் ஒருமுறை கடலில் இறக்குகிறவர் அவர். “சக்கரத்தோட நடு ஹப்பைத் தொட்டுடாதீங்கண்ணே” என்றேன். “தொட்டுட்டேன்பா” என்றார்.

சிங்கப்பூர் காக்கி புக்கிட்டில் இருக்கும் எங்கள் பட்டறைக்கு டிரெய்லர் டோ டிரக்கில் ஏறி வந்தது. இடது சக்கரத்தின் நடு மூடியைத் தட்டி எடுத்ததும் தே தாரே, அதாவது ஆற்றிய பால் தேநீர், நிறத்தில் கிரீஸ் வழிந்தது. நல்ல கிரீஸ் அப்படி வெளுக்காது. தண்ணீர் கலந்தால்தான் அந்த நிறம். உள்ளே சக்கரம் சுழல உதவும் பேரிங்கின் உருளைகள் சூட்டில் நீலம் பாய்ந்து கிடந்தன. அண்ணன் குனிந்து பார்த்துவிட்டுக் கேட்டார்: “வருஷத்துக்கு 300 கிலோமீட்டர்கூட ஓடல. அதுக்குள்ள எப்படித் தேயும்?”

தேயவில்லை. நின்றே கெட்டது.

படகு டிரெய்லர், கேரவன் போன்றவற்றின் ஹப்பில் பெரும்பாலும் இரண்டு பேரிங் இருக்கும். உட்பக்கம் ஒன்று, வெளிப்பக்கம் ஒன்று. ஒரு முனை குறுகிய கூம்பு உருளைகள், எதிரெதிராகப் பார்த்து உட்கார்ந்திருக்கும். பின்னால் ஒரு ரப்பர் சீல். சாலையில் ஓடும்போது ஹப் சூடாகி உள்ளே இருக்கும் காற்று விரிகிறது. கரைக்கு வந்ததும் நாம் என்ன செய்கிறோம்? அந்தச் சூட்டோடு டிரெய்லரை அப்படியே பின்னோக்கிக் கடல் தண்ணீரில் இறக்குகிறோம். ஹப் சட்டென்று குளிர்கிறது, காற்று சுருங்குகிறது, சீல் ஓரமாக உப்புத் தண்ணீரை உள்ளே உறிஞ்சிக்கொள்கிறது. அப்புறம் ஒரு மாதம் டிரெய்லர் அசையாமல் நிற்கும். உருளைகள் தொட்டுக்கொண்டிருக்கும் இடத்தில் மட்டும் உப்பு அரித்து, அவை ஓடும் வெளி வளையமான கப்பின் வழவழப்பான பரப்பில் ஏணிப்படி மாதிரி கறுத்த கோடுகள் விழும். அந்தக் கோடுகள் மேல்தான் அடுத்த பயணத்தில் உருளைகள் ஓட வேண்டும்.

அமெரிக்காவில் அச்சு தயாரிக்கும் டெக்ஸ்டர் போன்ற நிறுவனங்களின் கையேட்டில் 12,000 மைல், அதாவது சுமார் 19,000 கிலோமீட்டர், அல்லது 12 மாதம், எது முதலில் வருகிறதோ அப்போது பேரிங்கைக் கழற்றிக் கிரீஸ் மாற்றச் சொல்கிறார்கள். கேரவனை மாநிலம் மாநிலமாக இழுத்துப் போகிறவர்களுக்கு முதல் கணக்கு பொருந்தும். துவாஸிலிருந்து சாங்கிவரை போனாலே சுமார் 50 கிலோமீட்டர்தான் வரும் நம் தீவில் 19,000 எப்போது ஆவது? இங்கே நாள்காட்டிதான் கணக்கு. கடலில் முங்குகிற டிரெய்லர் என்றால் 12 மாதம்கூட எனக்கு அதிகம்; ஆறு மாதத்தில் கொண்டுவரச் சொல்கிறேன்.

அண்ணன் வண்டியில் பிரச்சினை பேரிங்கோடு நிற்கவில்லை. டிஸ்க் பிரேக்கில் இரண்டு பேடுகளையும் டிஸ்க்கோடு அழுத்தும் காலிப்பர், இரண்டு பின்கள் மேல் முன்னும் பின்னும் வழுக்கி நகர வேண்டும். பிஸ்டன் உட்பக்க பேடைத் தள்ளும். காலிப்பர் நகர்ந்து வெளிப்பக்க பேடை இழுக்கும். பின்கள் துருவில் இறுகிப்போனால் காலிப்பர் நகராது. அவருடைய வண்டியில் வெளிப் பேட் புதுசு மாதிரி இருந்தது, உட்பேட் இரும்புவரை தேய்ந்திருந்தது. பிரேக்கை விட்ட பிறகும் அது டிஸ்க்கை உரசிக்கொண்டே வந்திருக்கிறது. அந்தச் சூடு ஹப்புக்கு ஏறி, கிரீஸ் இளகி, சீல் கருகி, கிரீஸ் முழுவதும் டிஸ்க் மேலேயே தெறித்திருக்கிறது. கிரீஸ் குடித்த பேட் பிரேக் பிடிக்காது. எந்த மருந்து போட்டுக் கழுவினாலும் அதைத் திரும்ப மாட்ட மாட்டேன். இதனால்தான் “பேரிங்கை மட்டும் பாருங்க, பிரேக்கை அப்புறம் பார்த்துக்கலாம்” என்று சொல்பவர்களிடம் நான் வேலையே எடுப்பதில்லை.

பிரேக் ஆயிலும் நம் ஊர்க் காற்றுக்குப் பகைதான். அது காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். பிரேக் ஆயிலில் டாட் 3 என்ற வகை புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி செல்சியஸ்வரை கொதிக்கக் கூடாது. ஈரம் ஏறிய பிறகு அந்த அளவு 140-க்கு இறங்கிவிடுகிறது. டாட் 4-க்கு 230, 155. ஆயில் கொதித்தால் குழாயில் குமிழி கட்டி, பிரேக் பஞ்சு மாதிரி உள்ளே போகும். பாதி ஊற்றி மூடிவைத்த பாட்டிலை அடுத்த வருஷம் எடுத்து ஊற்றாதீர்கள். சில வெள்ளிதான் மிச்சமாகும்.

கிரீஸ் மாற்றுவது என்றால் வெளி மூடியில் கிரீஸ் கன் வைத்து அடிப்பது என்று பலர் நினைக்கிறார்கள். அது சர்வீஸ் இல்லை. அளவுக்கு மேல் அடித்தால் பின் சீலைத் தள்ளிக்கொண்டு பிரேக் மேல்தான் போய் விழும். பேரிங்கைக் கழற்றி, பழைய கிரீஸ் ஒரு சொட்டும் இல்லாமல் கழுவி, உருளை உருளையாகப் பார்க்க வேண்டும். குழி, நீலம், கறுப்புக் கோடு எது தெரிந்தாலும் பேரிங், கப் இரண்டையும் ஜோடியாக மாற்றவேண்டும். பழைய கப்பில் புது பேரிங் போட்டு மிச்சம் பிடிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். பார்த்த இடம் என் பட்டறைதான். நல்ல பேரிங் என்றால், உள்ளங்கையில் கிரீஸ் வைத்து அகன்ற பக்கத்தால் அழுத்தி, மறுபக்கம் பிதுங்கி வரும்வரை நிரப்பவேண்டும். முன்பு போட்டது என்ன கிரீஸ் என்று தெரியாவிட்டால் கலக்க வேண்டாம். சில வகைகள் சேர்ந்தால் தண்ணீராக இளகிவிடும். சீலும், நட்டு கழலாமல் பூட்டும் ஸ்பிளிட் பின்னும் ஒவ்வொரு முறையும் புதிது.

ஹப்பைப் பிடித்திருக்கும் நடு நட்டை முறுக்குவதில்தான் கைதேர்ந்தவர்களும் தவறுகிறார்கள். டயர் நட்டை இறுக்குவதுபோல் இறுக்கக் கூடாது. ஹப்பைச் சுழற்றிக்கொண்டே சுமார் 68 நியூட்டன் மீட்டர்வரை முறுக்கினால் உருளைகள் சரியான இடத்தில் உட்காரும். பிறகு ஹப்பைச் சுழற்றாமல் நட்டைத் தளர்த்தி, விரலால் மட்டும் திருகிப் பிடிக்க வேண்டும். ஸ்பிளிட் பின் ஓட்டை நேருக்கு வரவில்லையா? நட்டைக் கொஞ்சம் பின்னால் திருப்புங்கள், முன்னால் வேண்டாம். ஒரு மெல்லிய ஆட்டம் இருக்கும். அது இருக்கவேண்டிய ஆட்டம்.

கார் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: இப்போதைய கார்களில் பெரும்பாலும் மூடி முத்திரையிட்ட பேரிங். அதில் கிரீஸ் மாற்றும் வேலை கிடையாது, ஊளைச் சத்தம் வந்தால் முழுதாக மாற்றுவதுதான். இடது பக்கம் வளையும்போது சத்தம் கூடினால், பெரும்பாலும் பாரம் ஏறும் வலது பக்கத்தைச் சந்தேகிக்கலாம்.

டிரெய்லர்காரர்களுக்கு நான் சொல்வது இரண்டு பழக்கம்தான். கரைக்கு வந்ததும் அரைமணி நேரம் கோப்பி குடியுங்கள், ஹப் ஆறட்டும், அப்புறம் தண்ணீரில் இறக்குங்கள். வீட்டுக்கு வந்ததும் டிஸ்க், காலிப்பரை நல்ல தண்ணீரில் கழுவுங்கள். ஆனால் உயர் அழுத்தப் பீய்ச்சியைச் சீல் பக்கம் காட்டாதீர்கள். பெர்த்தில் கேரவன் வாடகைக்கு எடுத்துக் குடும்பத்தோடு சுற்றுகிறவர்கள் பெட்ரோல் நிலையத்தில் நிறுத்தும்போதெல்லாம் அகச்சிவப்பு வெப்பமானியால் இரண்டு பக்க ஹப்பையும் அளந்து பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் மிக அதிகமாகச் சுட்டால் பயணத்தைத் தொடராதீர்கள்.

அண்ணன் வண்டிக்கு இடது பக்கம் பேரிங் உட்காரும் அச்சு முனையான ஸ்பிண்டிலிலும் ஆழமாகக் கீறல் விழுந்திருந்தது. அச்சோடு பற்றவைத்த ஸ்பிண்டில், அதனால் அச்சையே மாற்ற வேண்டியதாயிற்று. “வலது பக்கம் நல்லாத்தானே இருக்கு, அந்தப் பேரிங்கை எடுத்துப் புது அச்சுல மாட்டிடலாமே” என்றார். திறந்து காட்டினேன். அங்கேயும் தே தாரே. ஒன்றும் பேசாமல் போனை எடுத்துப் படம் பிடித்து, மீன்பிடி நண்பர்கள் குழுவுக்கு அனுப்பினார்.

அடுத்த வாரம் என் பட்டறை வாசலில் இரண்டு படகு டிரெய்லர்கள் நின்றன. ஒன்றில் கிரீஸ் வெளுத்திருந்தது. இன்னொன்றில் கிரீஸே இல்லை.