நாடாப்புழுவுக்கு ஏது சமிபாடு?

யாழ்ப்பாணத்தில் உயர்தர உயிரியல் படிப்பிக்கிறேன். போன கிழமை ஒரு பிள்ளை குடற்புழுக்களைப் பற்றிய தமிழாக்கக் குறிப்பொன்றைக் கொண்டுவந்து, ஒரு வரியின் கீழே பென்சிலால் கோடு போட்டுக் காட்டினாள்: "நாடாப்புழுவின் சமிபாட்டுப் பரம்பரையலகுகள்" (பரம்பரையலகு என்றால் ஜீன்).

"சேர், இதுக்கு வாயே இல்லையெண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள், பிறகு எப்பிடிச் செமிக்கும்?"

சரியான கேள்வி. மெட்டபொலிசத்தைச் சமிபாடு என்று எழுதுவதை எத்தனையோ தரம் பார்த்துவிட்டேன். கிரேக்கத்தில் மாற்றம் என்ற பொருளுள்ள சொல்லில் இருந்து வந்தது அது, 1839இல் ஜெர்மன் உயிரியலாளர் ஷ்வான் கலத்தில் நடக்கும் வேதிமாற்றங்களுக்கு வைத்தார், அவ்வளவுதான். உணவை உறிஞ்சத் தக்கதாக உடைப்பது சமிபாடு. உறிஞ்சியதை வைத்துக் கலம் செய்வதெல்லாம் மெட்டபொலிசம். நாடாப்புழுவுக்கு வாயுமில்லை, குடலுமில்லை, எங்கள் குடல் செமிக்கச் செய்ததைத் தன் தோலாலேயே உறிஞ்சிக்கொள்கிறது. 2013இல் நாடாப்புழுக்கள் சிலவற்றின் டிஎன்ஏ முழுவதையும் வாசித்து வெளியிட்டபோது, கொழுப்பமிலத்தைத் தானே ஆக்கும் பரம்பரையலகுகளை அவை இழந்துவிட்டது தெரிந்தது. குறிப்பு சொல்லவந்தது இதைத்தான், ஒரு சொல்லால் எல்லாம் கெட்டுப்போய்விட்டது.

மெட்டபொலிசத்துக்கு எங்கள் பாடநூலில் அனுசேபம் என்ற சொல் இருக்கிறதே என்பீர்கள். பிழையில்லை, உட்சேபம் (கட்டியெழுப்புவது), அவசேபம் (உடைப்பது) என்று குடும்பமாகவும் நிற்கும், நானும் அதில்தான் படித்தேன், பரீட்சைக்கு அதையே எழுதச் சொல்கிறேன். ஆனால் வடமொழி வழி வந்த அந்தச் சொல்லைப் பிள்ளைகள் பாடமாக்குகிறார்களே தவிர உள்ளே என்ன இருக்கிறதென்று அறியார்கள், அந்த வெற்றிடத்தில்தான் தெரிந்த சமிபாடு வந்து குந்திவிடுகிறது. தமிழ்நாட்டாரின் வளர்சிதைமாற்றம் தன் பொருளைத் தானே சொல்லும். அந்தச் சொல் நீளம் என்கிறார்கள் சிலர், முற்றிய புழுவில் வளர்ச்சி ஏது என்றும் கேட்கிறார்கள். பெண் வட்டப்புழு நாளொன்றுக்கு ஏறத்தாழ 200,000 முட்டை இடும். அத்தனையையும் கட்டியெழுப்புவது வளர், அதற்காகக் குளுக்கோசை உடைப்பது சிதை. இதைவிடப் பொருத்தமாக எந்தச் சொல் வரும்?

பூச்சிக் குளிசை மெபெண்டசோலும் இந்த இடத்தில்தான் கைவைக்கிறது. புழு குளுக்கோசை உள்ளெடுக்க முடியாமல், உடலில் சேமித்து வைத்த கிளைக்கோசன் என்ற மாச்சத்துக் கையிருப்பும் தீர்ந்து சாகும். இதைச் "சமிபாட்டைக் குழப்பும் மருந்து" என்று ஏதோ ஒரு துண்டறிக்கையில் வாசித்த பக்கத்து வீட்டு அக்கா, மகனுக்குச் சாப்பாடு செமிக்காமல் போகுமோ என்று பயந்து குளிசையை அலுமாரிக்குள் வைத்துவிட்டார். புழு சீனியை எடுப்பதுதான் நிற்கும், பிள்ளையின் செமிபாடு நிற்காது என்று இருத்தி வைத்துச் சொன்ன பிறகுதான் எடுத்துக் கொடுத்தார்.