தாலந்து: பணமா, திறமையா?

‘அந்தத் தம்பிக்கு நல்ல பாட்டுத் தாலந்து’, ‘ஆண்டவர் கொடுத்த தாலந்தைப் புதைத்து வைக்காதீர்கள்’ என்றெல்லாம் தமிழ்க் கிறிஸ்தவர்கள் சாதாரணமாகச் சொல்வதுண்டு. சொல் திறமைக்கு மறுபெயராகவே ஆகிவிட்டது. ஆனால் மத்தேயு 25-ஆம் அதிகாரத்தில் எஜமான் ஊழியரிடம் ஒப்படைத்துவிட்டுப் போனது பணம். அதுவும் கொஞ்சநஞ்சப் பணம் இல்லை. பயணம் போகும் எஜமான் மூன்று ஊழியருக்கு ஐந்து, இரண்டு, ஒன்று என்று தாலந்துகளைக் கொடுக்கிறார்; முதல் இருவர் வியாபாரம் செய்து இரட்டிப்பாக்குகிறார்கள், மூன்றாமவன் மண்ணில் புதைத்து வைத்துத் தண்டனை பெறுகிறான். இதுதான் அந்த உவமை.

மூலச்சொல் கிரேக்க மொழியின் ‘தாலன்டோன்’. அதன் பழைய பொருள் தராசு. கிரேக்கரின் இலியட் காவியத்தில் தலைமைக் கடவுள் சீயஸ் இரண்டு வீரர்களின் விதியை எடைபோடும் பொன் தராசுக்கு இந்தப் பெயர்தான். தராசைக் குறித்த சொல் பிறகு தராசில் வைக்கும் எடையைக் குறித்தது. அந்த எடையுள்ள வெள்ளியோ பொன்னோ பெருந்தொகை என்பதால், கடைசியில் பணத்தின் அளவாகவும் ஆனது. சமஸ்கிருதத்தின் ‘துலா’வும் இதே வேரிலிருந்து வந்தது என்பது மொழியியலாளர் முடிவு. நம் துலாம், துலாக்கோல் எல்லாம் அந்த வழியில் வந்தவை. ஆக, தாலந்து நமக்குத் தூரத்துச் சொந்தம்.

பழைய ஏற்பாட்டில் ‘தாலந்து’ என்று வரும் இடங்களில் எபிரெயத்தில் இருப்பது ‘கிக்கார்’, அதாவது வட்டமானது. அதன் அளவை யாத்திராகமம் 38-ஆம் அதிகாரமே காட்டிக்கொடுக்கிறது. 6,03,550 பேர் ஆளுக்கு அரைச் சேக்கல் (சேக்கல் எபிரெயரின் சிறிய எடை) கொடுக்க, சேர்ந்த வெள்ளி 100 தாலந்தும் 1,775 சேக்கலும். கணக்குப் போட்டால் ஒரு தாலந்துக்கு 3,000 சேக்கல், இன்றைய அளவில் ஏறத்தாழ 34 கிலோ. கிரேக்கரின் ஆட்டிக் (ஏதென்ஸ் பகுதி) தாலந்து சற்றுக் குறைவு, சுமார் 26 கிலோ. வெளிப்படுத்தின விசேஷம் 16:21-இல் வானத்திலிருந்து விழும் கல்மழையின் ஒவ்வொரு கல்லும் தாலந்து நிறை. அங்கே போய்த் ‘திறமை’ என்று பொருள் கொள்ள முடியாது!

பணமாகப் பார்த்தால் ஒரு தாலந்துக்கு 6,000 திராக்மா, அதாவது கிரேக்க வெள்ளிக்காசு. உரோமரின் வெள்ளிக்காசான தெனாரியமும் ஏறக்குறைய அதே மதிப்புதான். மத்தேயு 20-இல் திராட்சத் தோட்டத்து வேலையாளுக்கு நாள் கூலி ஒரு தெனாரியம். வேதாகமத்தின் பழைய தமிழ் மொழிபெயர்ப்பான பழைய திருப்புதல் அதை ‘ஒரு பணம்’ என்கிறது. ஆண்டுக்கு 300 நாள் வேலை கிடைத்தாலும் ஒரு தாலந்து என்பது 20 ஆண்டுக் கூலி. ஐந்து தாலந்து நூறு ஆண்டுக் கூலி. ‘பாவம், அந்த மூன்றாம் ஊழியனுக்கு ஒன்றே ஒன்றுதான் கிடைத்தது’ என்று இரக்கப்படுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். அந்த எஜமானோ, தொகையைப் பெருக்கிக் கொடுத்தவர்களிடம் ‘கொஞ்சத்திலே உண்மையாயிருந்தாய்’ என்கிறார். கேட்டுக்கொண்டிருந்தவர்கள் அந்த இடத்தில் சிரித்திருக்கலாம்.

மத்தேயு 18-இல் ஒருவன் ராஜாவுக்குப் பதினாயிரம் தாலந்து கடன்பட்டிருப்பதும் இப்படித்தான். இயேசுவின் காலத்துச் சிற்றரசன் ஏரோது அந்திப்பாவுக்குக் கலிலேயாவும் பெரேயாவும் சேர்ந்து தந்த ஆண்டு வருமானம் 200 தாலந்து என்று யூத வரலாற்றாசிரியர் யோசேபஸ் எழுதுகிறார். அப்படியானால் அந்தக் கடன் ஒரு சிற்றரசின் 50 ஆண்டு வருமானம். யாராலும் அடைக்க முடியாத தொகை என்பதுதான் கதையின் உயிர். அங்கே தாலந்தைத் திறமை என்று யாரும் படிப்பதில்லை. 25-க்கு வரும்போது மட்டும் படிக்கிறோம்.

இத்தனைக்கும் அந்த வசனமே நம்மைத் தடுக்கிறது. ‘அவனவனுடைய திறமைக்குத்தக்கதாக’ ஐந்தும் இரண்டும் ஒன்றும் கொடுத்தான் என்று 15-ஆம் வசனம் சொல்கிறது. திறமை ஊழியர்களிடம் ஏற்கெனவே இருந்தது; அதைப் பார்த்துத்தான் தொகை பிரிக்கப்பட்டது. தாலந்தும் திறமையும் ஒன்றே என்றால், திறமைக்கு ஏற்றபடி திறமையைக் கொடுத்தான் என்றாகிவிடும். 18-ஆம் வசனமும் மூன்றாம் ஊழியன் புதைத்தது எஜமானுடைய பணம் என்றே சொல்கிறது.

புதைத்ததும் அந்தக் காலத்தில் கேலிக்குரிய செயல் அல்ல. பணத்துக்கு மண்ணைத் தவிர வேறு காவல் இல்லை என்ற ரபி சாமுவேலின் கருத்து பிற்காலத்துத் தல்மூத் என்ற யூதச் சமய நூல் தொகுப்பில் இருக்கிறது. அந்தக் கண்ணால் பார்த்தால் மூன்றாமவன் எச்சரிக்கையான ஆள். அதனால்தான் எஜமானின் தீர்ப்பு கேட்டவர்களைத் தூக்கிவாரிப் போட்டிருக்கும். இந்தக் கதைக்கு முன்னால் பத்துக் கன்னிகைகள், பின்னால் செம்மறியாடுகளும் வெள்ளாடுகளும். ஒலிவ மலையில் இயேசு பேசிக்கொண்டிருந்தது தாம் திரும்பி வருவதையும் அப்போது கேட்கப்படும் கணக்கையும் பற்றி. அடுத்தவருடைய பொருள் நம் பொறுப்பில் இருக்கிறது என்பதே இங்கே முக்கியம். உனக்குள் ஒளிந்திருக்கும் கலைஞனை வெளியே கொண்டுவா என்பதெல்லாம் வேறு கதை.

அப்புறம் எப்படித் திறமை உள்ளே வந்தது? பிரசங்கம் வழியாக. 6-ஆம் நூற்றாண்டுப் போப்பாண்டவர் பெரிய கிரகோரி ஐந்து தாலந்தை ஐம்புலன்கள் என்றும், இரண்டை அறிவும் செயலும் என்றும், ஒன்றை அறிவு மட்டும் என்றும் விளக்கினார். இத்தகைய விளக்கங்கள் நூற்றாண்டுகளாகத் தொடர, 15-ஆம் நூற்றாண்டு வாக்கில் ஆங்கிலத்தில் சொல்லுக்கே இயல்பான திறமை என்ற பொருள் ஒட்டிக்கொண்டது. நாம் வேதாகமத்தில் எடையைப் படித்துவிட்டு, பேச்சில் அந்தப் புதிய பொருளை வாங்கிக்கொண்டோம். உவமையைத் திறமைக்கும் பொருத்திப் பேசலாம், தவறில்லை. அது பொருத்தம் மட்டுமே, சொல்லின் பொருள் அல்ல.

சரி, தமிழில் என்ன சொல்வது? அமைப்பில் நெருங்கி வருவது துலாம்; அதுவும் தராசைக் குறிக்கும், பழைய நிறையளவு ஒன்றையும் குறிக்கும். ஆனால் அளவு வேறு என்பதால் மொழிபெயர்ப்பில் போட்டால் குழப்பம். லூக்கா 19-இல் ‘மினா’ என்ற இன்னொரு பழைய எடைக்குப் பழைய திருப்புதல் நம் ஊர் எடையான ‘ராத்தல்’ என்று போட்டதில் அந்தச் சிக்கல் தெரிகிறது. எடையின் பெயரைத் தாலந்து என்றே விட்டுவிட்டு, விளக்கும்போது ‘முதல்’ என்பது என் விருப்பம். வியாபாரத்தில் போடும் முதல், லாபத்தோடு திரும்பக் கேட்கப்படும் முதல். கதைக்கு இதைவிடப் பொருந்தும் சொல் இல்லை. பொற்கிழி அழகான சொல்தான், ஆனால் அதில் பரிசு வாடை அடிக்கிறது. பாடுகிறவரிடம் இருப்பதற்குத் திறமை, திறன் என்றாலே போதும். 1 கொரிந்தியர் 12-இல் பவுல் பேசுவது தாலந்தும் அல்ல, திறமையும் அல்ல. அங்கே மூலச்சொல் ‘காரிஸ்மா’, அதற்கு ‘வரம்’ என்ற நல்ல தமிழ்ச் சொல் ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறது.