மாதவிடாய்க்கு முந்தைய வாரமும் அடங்காத நாக்கும்

மூன்று வாரம் பிராட்டா கடைப் பக்கம் தலைவைக்காமல், மதியத்தில் சோற்றை ஒதுக்கிவிட்டு மீனும் கீரையுமாகச் சமாளித்தவர், நாலாவது வாரம் இரவு பத்து மணிக்குப் பிள்ளைக்கு வாங்கி வைத்த மைலோ பானத்தூள் டின்னைத் திறந்து கரண்டியால் அள்ளி வாயில் போட்டுக்கொள்கிறார். இன்னும் இரண்டு நாளில் மாதவிடாய். மாவுச்சத்தைக் குறைத்துச் சாப்பிடும் பெண்கள் பலரிடம் இப்படி ஒரு கதை இருக்கும். “எனக்கு மனக்கட்டுப்பாடு போதாது” என்று தங்களையே திட்டிக்கொள்வார்கள். மூன்று வாரம் ஒழுங்காக வேலைக்கு வந்த மனக்கட்டுப்பாடு, நாலாவது வாரம் மட்டும் லீவு போடுமா என்ன?

சினைமுட்டை வெளியேறும் நாட்களை ஒட்டி ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோன் உச்சத்தில் இருக்கும். மூளையில் பசியை மட்டுப்படுத்துவது அதன் வேலைகளில் ஒன்று. மாதச் சுழற்சியில் பெண்கள் பொதுவாகக் குறைவாகச் சாப்பிடுவதும் அந்த நாட்களில்தான். அதற்குப் பிந்தைய இரண்டு வாரங்களில் புரோஜெஸ்டிரோன் என்ற இன்னொரு ஹார்மோன் கூடுகிறது. உடல் வெப்பம் அரை டிகிரி செல்சியஸ் வரை ஏறும். இன்சுலின் சொல்லுக்கு உடல் கட்டுப்படுவது சற்றுக் குறையும். சும்மா இருக்கும்போது எரியும் கலோரியும் பலருக்குக் கொஞ்சம் கூடும். ஆக, அந்த நாட்களில் பசி எடுப்பது பொய்யில்லை. ஆனால் உடல் கேட்கும் கூடுதல் பெரும்பாலும் ஒரு முட்டை, ஒரு கைப்பிடி கடலை அளவுதான். அதற்கு மைலோ டின் தேவையில்லை.

அப்படியானால் நாக்கு ஏன் இனிப்பையே கேட்கிறது? மாதவிடாய்க்கு முந்தைய சில நாட்களில் ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டிரோன் இரண்டும் சேர்ந்து சரிகின்றன. மனத்தைச் சமநிலையில் வைக்கும் செரோட்டோனினும் அந்தச் சரிவில் பாதிக்கப்படுகிறது. டிரிப்டோபான் என்ற அமினோ அமிலத்திலிருந்துதான் மூளை செரோட்டோனினைத் தயாரிக்கிறது. காலை நேர எம்ஆர்டி ரயில் கதவைப் போல, மூளைக்குள் நுழையும் வழியில் டிரிப்டோபானோடு வேறு பல அமினோ அமிலங்களும் முண்டியடிக்கின்றன. மாவுச்சத்து சாப்பிட்டால் இன்சுலின் சுரந்து, போட்டிக்கு நிற்பவற்றில் பெரும்பகுதியைத் தசைக்குள் அனுப்பிவிடும். டிரிப்டோபானுக்கு வழி கிடைக்கும். 1980களில் அமெரிக்காவின் எம்ஐடியில் ஜூடித் வூர்ட்மன் குழுவினர் இந்த விளக்கத்தை முன்வைத்தார்கள்.

அழகான விளக்கம்தான், ஆனால் பாதிக் கதை. உணவில் கொஞ்சம் புரதம் கலந்தாலே இந்த வழி அடைபட்டுவிடும். பால் சாக்லெட்டில் புரதமும் இருக்கிறது, கொழுப்பும் இருக்கிறது. தவிர, செரோட்டோனின் ஏற நேரமாகும். சாக்லெட் தரும் நிம்மதியோ வாயில் கரையும்போதே வந்துவிடுகிறது. உடலில் மக்னீசியம் குறைந்ததால்தான் சாக்லெட் கேட்கிறது என்பார்கள் சிலர். பூசணி விதையில் சாக்லெட்டைவிட மக்னீசியம் அதிகம். நடுராத்திரியில் பூசணி விதைக்காக ஏங்கியவர் யாரும் உண்டா?

1994-இல் வெளிவந்த ஓர் ஆய்வு இதை நேராகவே சோதித்தது. சாக்லெட் ஆசை எழும்போது, கொக்கோவில் உள்ள அத்தனை வேதிப்பொருளும் அடங்கிய மாத்திரையைச் சிலமுறை கொடுத்தார்கள், ஆசை அடங்கவில்லை. நிஜ சாக்லெட் கொடுத்தபோது அடங்கியது. நாக்கு கேட்டது சத்தையல்ல, சுவையை. இன்னொன்றும் உண்டு. மாதவிடாயையொட்டிய சாக்லெட் ஆசை அமெரிக்கப் பெண்களிடம் சர்வசாதாரணம். ஸ்பெயினில் அது குறைவு. எகிப்தில் பெண்களின் ஏக்கம் பெரும்பாலும் உப்பு, காரச் சாப்பாட்டின் மீது. ஹார்மோன் எல்லா ஊரிலும் ஒன்றுதான். அது தூண்டிவிடுகிறது, எதைத் தேடுவது என்பதை வளர்ந்த வீடும் கடைத்தெருவும் முடிவு செய்கின்றன. சிங்கப்பூர்த் தேக்காவில் வளர்ந்த நாக்கு ஜிலேபியையும் தேங்காய்ப்பூ தூவிய புட்டு மாயத்தையும் (இடியாப்பம்) கேட்டால் வியப்பென்ன.

மாவுச்சத்தைக் குறைத்தவர்களுக்கு இதன்மேல் இன்னொரு சுமை. இன்சுலின் குறைந்திருக்கும்போது சிறுநீரகம் உப்பை அதிகமாக வெளியேற்றும். தலைவலி, சோர்வு எல்லாம் வரும். அதைப் பசி என்று நினைத்துக்கொள்வோம். இரத்த அழுத்தமோ சிறுநீரகக் கோளாறோ இல்லாதவர்கள் அந்த நேரம் உப்புப் போட்ட ஒரு கிண்ணம் மீன் சூப் குடித்துப் பார்க்கலாம். பீஹூன் (அரிசி நூடுல்ஸ்) வேண்டாம் என்று சொல்லிவிட்டால் போதும். பல சமயம் அந்த நமநமப்பு அதிலேயே அடங்கிவிடும்.

பெரிய கண்ணி எடைக்கருவிதான். அந்த வாரம் உடல் நீரைத் தேக்கிக்கொள்வதால் எடை ஒரு கிலோ வரை ஏறிக் காட்டும். பதறிப்போய் இருக்கும் மாவுச்சத்தையும் வெட்டுவார்கள். இரண்டு நாளில் கட்டு உடைந்து, ஒரே மூச்சில் நாலு பிராட்டா. சாப்பிட்ட மாவுச்சத்தை உடல் கிளைக்கோஜனாகச் சேமிக்கும்; அதில் ஒவ்வொரு கிராமும் கிட்டத்தட்ட மூன்று கிராம் நீரைக் கூடவே பிடித்துவைக்கும். மறுநாள் எடை இன்னும் ஏறும். ஏறியது கொழுப்பில்லை, தண்ணீர். ஆனால் காலையில் கருவிமேல் நிற்பவருக்கு அதை யார் சொல்வது?

என் கட்சி இதுதான்: அந்த ஐந்தாறு நாளும் விரதத்தைக் கடுமையாக்காதீர்கள், கொஞ்சம் தளர்த்துங்கள். வேகவைத்த சோறு 100 கிராமில் 28 கிராம் அளவுக்கு மாவுச்சத்து. மீனையும் காயையும் முதலில் சாப்பிட்டுவிட்டு, அரைக் கிண்ணம் சோற்றைக் கடைசியில் சாப்பிட்டால் இரத்தச் சர்க்கரை மெதுவாகவே ஏறும். ஒரு நாளைக்கு 100 கிராம் வரை மாவுச்சத்து வைத்திருப்பவருக்கு இது தாராளமாக அடங்கும். 20 கிராமில் நிற்கும் கீட்டோக்காரர்களுக்கு அடங்காது. அவர்கள் புரதத்தையும் கொழுப்பையும் கூட்டித்தான் ஆக வேண்டும். சாக்லெட்தான் வேண்டும் என்றால் 70 சதவீதக் கறுப்புச் சாக்லெட்டில் 20 கிராமை, சாப்பிட்டு முடித்த வயிற்றோடு, உட்கார்ந்து ருசித்துச் சாப்பிடலாம். நார்ச்சத்து போக ஏழு கிராம்தான் கணக்கில் ஏறும். கச்சாங் பூத்தே (வறுத்த கடலை, கொறிப்பு வகைகள்) வாங்கினால் கடலை, முந்திரியோடு நிறுத்திக்கொள்ளுங்கள். வறுத்த கொண்டைக்கடலையும் முறுக்கும் வேறு கணக்கு. கோப்பிக்கடையில் ‘கோப்பி சி கோசோங்’ என்று கேட்டால் சர்க்கரை போடாமல் எவாபரேட்டட் பால் ஊற்றித் தருவார்கள். வெறும் ‘கோப்பி’ என்றால் கண்டென்ஸ்டு பால்தான்.

பபுள் டீ கடையில் நியூட்ரி-கிரேட் எழுத்தைப் பாருங்கள்; சிங்கப்பூரில் பானங்களின் சர்க்கரை, கொழுப்பு அளவைப் பார்த்து ‘ஏ’ முதல் ‘டி’ வரை தரும் தரக்குறி அது. 2023 டிசம்பர் 30 முதல் கடையில் கலந்து தரும் பானங்களுக்கும் அது உண்டு. ‘டி’ என்றால் பெரும்பாலும் 100 மில்லிலிட்டருக்கு 10 கிராமுக்கு மேல் சர்க்கரை என்று அர்த்தம். அரை லிட்டர் குவளைக்கு எவ்வளவு என்று நீங்களே பெருக்கிக்கொள்ளுங்கள்.

அதிகம் பேசப்படாதது கால்சியம். 1998-இல் அமெரிக்காவில் 466 பெண்களிடம் நடந்த ஆய்வில், தினமும் 1,200 மில்லிகிராம் கால்சியம் எடுத்துக்கொண்டவர்களுக்கு மூன்றாவது சுழற்சியில் மாதவிடாய்க்கு முந்தைய தொல்லைகள் 48 சதவீதம் குறைந்தன. மருந்தில்லாத வெற்று மாத்திரை எடுத்தவர்களுக்கு 30 சதவீதம். கால்சியத்தால் குறைந்த தொல்லைகளில் உணவு ஏக்கமும் அடக்கம். நமக்கு முள்ளோடு சாப்பிடும் இக்கான் பிலிஸ் (நெத்திலி), தாவ் குவா (கெட்டியான சோயாக் கட்டி), எள், தயிர் எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கின்றன. மாத்திரை என்றால் மருத்துவரைக் கேட்டுவிட்டு எடுங்கள்.

நீரிழிவுக்கு இன்சுலினோ மாத்திரையோ எடுப்பவர்கள் தாமாகவே மாவுச்சத்தை வெட்டக் கூடாது. சர்க்கரை திடீரென்று தாழ்ந்து போகலாம். சில மருந்துகளோடு சேரும்போது இரத்தத்தில் அமிலம் கூடும் ஆபத்தும் உண்டு. மாதாமாதம் அந்த வாரம் வேலைக்கே போக முடியாத அளவுக்கு அழுகையும் ஆத்திரமும் வந்தால் அது வாய் ருசி விஷயமில்லை. பாலிகிளினிக்கில் சொல்லுங்கள், அதற்குப் பலன் தரும் மருந்துகள் இருக்கின்றன.

எடையைப் பார்க்கத்தான் வேண்டும் என்றால், மாதவிடாய் தொடங்கி ஏழாம் நாள் காலையில் பார்த்து, போன மாதத்து ஏழாம் நாளோடு ஒப்பிடுங்கள். போன வாரத்தோடு ஒப்பிட்டால் தெரிவது தண்ணீர்க் கணக்கு மட்டும்தான்.