இன்றைய முட்டை விலை ஐந்து மாதம் முன்பே முடிவானது

2025 கடைசியில் நாமக்கல் பண்ணைக் கொள்முதல் விலை முட்டைக்கு 6 ரூபாயைத் தாண்டியது. கடையில் அதே முட்டை 7 ரூபாய்க்கு மேல் போனது. மாதம் நான்கு அட்டை, அதாவது 120 முட்டை வாங்கும் வீட்டுக்கு, முட்டைக்கு ஒரு ரூபாய் ஏறினால் மாதம் 120 ரூபாய் கூடுதல் செலவு. முட்டை ஒன்றுதான் அன்றாடம் கட்டுப்படியாகும் புரதம் என்றிருக்கும் குடும்பங்களுக்கு இது சின்னத் தொகை இல்லை. இந்த ஏற்றத்தை வியாபாரிகளின் பேராசை என்று மட்டும் சொல்லி முடித்துவிட முடியாது. நவம்பரில் எத்தனை முட்டை சந்தைக்கு வரும் என்பது ஜூன் மாதமே பெருமளவு தீர்மானமாகிவிடுகிறது. காரணம் கோழியின் உடலில் இருக்கிறது.

நாமக்கல் பகுதியில் அதிகம் வளர்ப்பது பி.வி. 300 போன்ற, வெள்ளை லெகார்ன் வழிவந்த முட்டைக்கோழிகள். அடைகாப்புப் பொறியில் 21 நாள் இருந்து குஞ்சு வெளிவருகிறது. அதிலிருந்து 18 முதல் 20 வாரத்தில் முதல் முட்டை. 26 முதல் 30 வாரத்துக்குள் உச்சம் வருகிறது. நன்றாகப் பராமரித்தால் அப்போது 100 கோழிக்கு ஒரு நாளில் 95 முட்டை கிடைக்கும். பிறகு மெல்ல மெல்லக் குறையும். 72 வாரத்திலிருந்து 80 வாரம், சில பண்ணைகளில் அதற்கும் மேல் வைத்திருந்து கோழியைக் கழித்துவிடுவார்கள்.

விலை ஏறிவிட்டது என்பதற்காக ஒரு கோழியை நாளுக்கு இரண்டு முட்டை இடவைக்க முடியாது. மஞ்சள்கரு சூலகத்திலிருந்து விடுபட்டு முட்டையாக வெளிவர 24 முதல் 26 மணி நேரம் ஆகிறது. வெள்ளைக்கரு சுற்றிக்கொள்ள சுமார் 3 மணி நேரம், உள்தோல் உருவாக ஒன்றேகால் மணி நேரம். ஓடு படிய மட்டும் ஏறத்தாழ 20 மணி நேரம். ஒரு ஓட்டில் சுமார் 2 கிராம் கால்சியம் இருக்கிறது. தீவனத்திலுள்ள கால்சியத்தில் பாதியளவுதான் உடலில் சேரும் என்பதால் கோழிக்கு நாளொன்றுக்கு 4 கிராம் வரை கொடுக்க வேண்டும். ஓட்டின் பெரும்பகுதி இரவில், கோழி தீவனம் எடுக்காத நேரத்தில்தான் படிகிறது. அதனால்தான் விவரமான பண்ணைக்காரர்கள் சாயங்காலத் தீவனத்தில் சுண்ணாம்புக்கல் குருணையையோ கிளிஞ்சலையோ மாவாக்காமல் பருவெட்டாகச் சேர்க்கிறார்கள். அது இரைப்பையில் தங்கி இரவெல்லாம் மெதுவாகக் கரையும். இதைத் தவறவிட்டால் ஓடு மெலிந்து, வழியில் உடையும் முட்டை கூடும். அந்த நட்டமும் கடைசியில் விலையில்தான் வந்து சேரும்.

இனி காசுக் கணக்கு. முட்டையின் உற்பத்திச் செலவில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் தீவனத்துக்கே போகிறது. ஒரு கோழி நாளுக்குச் சுமார் 110 கிராம் தின்னும். தீவனம் கிலோ 28 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஒரு கோழிக்கு ஒரு நாள் தீவனம் 3 ரூபாய் 8 பைசா. 100 கோழிக்கு 90 முட்டை கிடைத்தால் முட்டைக்குத் தீவனச் செலவு 3 ரூபாய் 42 பைசா. அதே தீவனத்தைத் தின்று 75 முட்டைதான் இட்டால் 4 ரூபாய் 11 பைசா. தீவன விலை ஒரு பைசாகூட ஏறாமலேயே முட்டைக்கு 69 பைசா கூடிவிட்டது. வயதான கோழி, நோய், வெயில், சரியாக அமையாத வெளிச்சம் என்று முட்டையிடும் விகிதத்தைக் கெடுப்பவை பல. முட்டைக்கோழிக்கு இயற்கை வெளிச்சமும் விளக்கும் சேர்த்து நாளுக்கு 16 மணி நேர ஒளி வேண்டும். அது குறைந்தால் உடல் அதைப் பருவமாற்றமாக எடுத்துக்கொண்டு முட்டையிடுவதைக் குறைக்கும்.

இவற்றில் வெயிலின் பங்கைத் தனியாகச் சொல்ல வேண்டும். கோழிக்கு வியர்வைச் சுரப்பி கிடையாது. சூடு தாங்காமல் வாயைத் திறந்து இரைக்கும்போது கரியமில வாயு அளவுக்கு மீறி வெளியேறி, இரத்தத்தில் பைகார்பனேட் குறைகிறது. ஓடு என்பது கால்சியம் கார்பனேட். தீவனத்தில் கால்சியம் எவ்வளவு இருந்தாலும், கார்பனேட்டுக்கு ஆதாரமானது குறைந்தால் ஓடு மெலியத்தான் செய்யும். போதாததற்கு, வெயிலில் கோழி தீவனத்தையும் குறைத்துக்கொள்ளும். முட்டை சிறுக்கும், எண்ணிக்கையும் விழும்.

அடுத்தது மக்காச்சோளம். முட்டைக்கோழித் தீவனத்தில் வழக்கமாகப் பாதிக்கு மேல் மக்காச்சோளமும், ஐந்தில் ஒரு பங்கு அல்லது சற்றுக் கூடுதலாகச் சோயாப் புண்ணாக்கும் இருக்கும். ஒரு முட்டைக்கு ஏறத்தாழ 122 கிராம் தீவனம் என்பதால், மக்காச்சோளம் கிலோவுக்கு 5 ரூபாய் ஏறினால் முட்டைக்குச் சுமார் 30 பைசா கூடும். 2021-ல் சோயாப் புண்ணாக்கு விலை எகிறியபோது, மரபணு மாற்றப் பயிரிலிருந்து வந்த 12 லட்சம் டன் புண்ணாக்கை இறக்குமதி செய்ய ஒன்றிய அரசு அந்த ஆகஸ்டில் அனுமதித்தது. 2023 டிசம்பரில் கரும்புச் சாற்றிலிருந்து எத்தனால் எடுக்கக் கட்டுப்பாடு வந்தது. எத்தனால் ஆலைகள் மக்காச்சோளத்தின் பக்கம் திரும்ப, கோழிப் பண்ணையும் எரிபொருள் ஆலையும் ஒரே தானியத்துக்குப் போட்டியிட வேண்டிய நிலை. மக்காச்சோளம் மலிந்திருந்த காலம் திரும்பும் என்று நம்பிப் பண்ணை நடத்துவது இனி கடினம். அது ஏறும்போது பண்ணைகள் நொறுக்கரிசி, கம்பு என்று மாற்றுத் தானியம் கலக்கின்றன. மஞ்சள்கருவுக்கு நிறம் தருவது மக்காச்சோளத்தில் உள்ள நிறமிகள். ஆகவே மாற்றுத் தானியம் கூடினால் கரு வெளிறும். வெளிறிய கரு என்றால் சத்துக் குறைந்த முட்டை, பழைய முட்டை என்று ஒதுக்க வேண்டியதில்லை.

தீவனச் செலவு விலைக்கு அடித்தளம் போடுகிறது. திடீர் ஏற்ற இறக்கத்துக்குக் காரணம் வேறு. விலை சரிந்து நட்டம் வரும்போது பண்ணைக்காரர் இரண்டு காரியம் செய்வார். வயதான கோழிகளை முன்கூட்டியே கழிப்பார், புதுக் குஞ்சு விடுவதைத் தள்ளிப்போடுவார். குஞ்சு விடாததன் விளைவு உடனே தெரியாது. ஐந்து, ஆறு மாதம் கழித்துத்தான் அதனால் முட்டை குறையும். அப்போது விலை ஏறியதைப் பார்த்து எல்லோரும் ஒரே நேரத்தில் குஞ்சு விடுவார்கள். அவை முட்டையிடும் பருவத்துக்கு வர மறுபடி ஐந்து மாதம். வாங்குபவரும் விலை கொஞ்சம் கூடியது என்று முட்டையை உடனே விட்டுவிடுவதில்லை, அதைவிட மலிவான ஈடு கிடைக்காது. முட்டையைப் பண்ணையில் சில நாளுக்கு மேல் தேக்கிவைக்கவும் வழியில்லை. அதனால் நூற்றுக்கு ஐந்து முட்டை குறைந்தாலும் விலை ஐந்து விழுக்காட்டோடு நிற்பதில்லை. அமெரிக்காவில் 2022 முதல் பறவைக் காய்ச்சலால் கோடிக்கணக்கான முட்டைக்கோழிகள் அழிக்கப்பட்டபோது இதுவே பெரிய அளவில் நடந்தது. 2023 ஆகஸ்டில் டஜன் 2 டாலர் அளவில் இருந்த சராசரி விலை 2025 மார்ச்சில் 6.23 டாலரைத் தொட்டது. சில மாதங்களில் ஏறக்குறைய பாதிக்கு இறங்கவும் செய்தது. இங்கே அதே நோய்ச் செய்தி வேறு விதமாக வேலை செய்கிறது. 2021 ஜனவரியில் ஆலப்புழை, கோட்டயம் வாத்துகளில் எச்5என்8 வகைப் பறவைக் காய்ச்சல் கண்டறியப்பட்டபோது நாமக்கல் கோழிகள் நன்றாகவே இருந்தன. மக்கள் பயந்து வாங்காததால் விலை விழுந்தது.

மாதங்களுக்கும் பங்கு உண்டு. புரட்டாசியில் தமிழ்நாட்டில் முட்டை விற்பனை படுத்துவிடும். கார்த்திகை, மார்கழியில் சபரிமலைக்கு மாலை போடுகிறவர்கள் முட்டையைத் தொடமாட்டார்கள். ஆனாலும் விலை அப்போது ஏறுகிறது. வடமாநிலங்களில் குளிர்காலத்தில் முட்டைத் தேவை கூடுகிறது, கிறிஸ்துமஸ் கேக்குக்கு அடுமனைகள் வாங்கிக் குவிக்கின்றன. ஆந்திர, தெலங்கானா முட்டை வடக்கும் கிழக்கும் போய்விட, தெற்கே நாமக்கல்லை நம்பியிருப்போர் கூடுகிறார்கள். கோடை விடுமுறையில் இது தலைகீழாகும். சத்துணவுக்கு வாரம் ஐந்து நாள் போகும் முட்டை நின்று, வெளிச்சந்தைக்கு வரும்.

நாளிதழில் வரும் விலை 1982-ல் தொடங்கிய தேசிய முட்டை ஒருங்கிணைப்புக் குழு நாமக்கல் மண்டலத்துக்கு அறிவிப்பது. அது பரிந்துரைதான், சட்டக் கட்டாயம் இல்லை. முட்டை தேங்கும் நாட்களில் வியாபாரிகள் அறிவித்த விலையிலிருந்து குறைத்தே எடுப்பார்கள். இந்தக் கழிவுக்குத் தொழிலில் ‘மைனஸ்’ என்று பெயர். தட்டுப்பாடு வந்தால் முதலில் மைனஸ் சுருங்கும், பிறகே அறிவித்த விலை ஏறும். பேப்பரில் விலை மாறாதிருக்கும்போதே கடையில் 20 பைசா கூடுவதற்கு இது ஒரு காரணம். பண்ணை விலைமேல் ஏற்று கூலி, வண்டி வாடகை, மொத்த வியாபாரி, கடைக்காரர் இலாபம், உடைசல் எல்லாம் ஏறுகின்றன. 30 முட்டை அட்டையில் ஒன்று உடைந்தால், 6 ரூபாய் முட்டையில் மீதி 29-ம் தலைக்கு 20 பைசா சுமக்க வேண்டும்.

வாங்கும்போது எண்ணிக்கையைவிட எடையைப் பாருங்கள். அக்மார்க் தரப்படி 53 முதல் 59 கிராம் வரை பெரியது, 45 முதல் 52 வரை நடுத்தரம், 38 முதல் 44 வரை சிறியது. இளங்கோழி இடுவது சிறியதாக இருக்கும், வயதாக ஆகப் பெருக்கும். 47 கிராம் முட்டை 6.50 ரூபாய், 56 கிராம் முட்டை 7 ரூபாய் என்றால் முதலாவது 100 கிராம் 13.83, இரண்டாவது 12.50. விலை கூடிய இரண்டாவதுதான் மலிவு. வீட்டுத் தராசில் ஒரு அட்டையை நிறுத்து, வெற்று அட்டையின் எடையைக் கழித்து 30-ஆல் வகுத்தால் சராசரி கிடைத்துவிடும். பழுப்பு ஓட்டுக்குக் கூடுதல் காசு கொடுக்கத் தேவையில்லை. அது கோழி இனத்தைப் பொறுத்த நிறமி, உள்ளே இருக்கும் புரதம் இரண்டிலும் ஒரே மாதிரிதான்.

விலை ஏறும் என்று பயந்து மூன்று அட்டை வாங்கி வெளியே அடுக்குவது வீண். நம் வெயிலில் வெளியே வைத்த முட்டையை ஒரு வாரத்துக்குள் தீர்த்துவிடுவது நல்லது. குளிர்சாதனப் பெட்டியில் மூன்று, நான்கு வாரம் தாங்கும். கதவில் வைக்காமல் உள்தட்டில், அகன்ற முனை மேலே இருக்கும்படி வையுங்கள். முன்கூட்டிக் கழுவ வேண்டாம். ஓட்டிலுள்ள ஆயிரக்கணக்கான நுண்துளைகளை மூடியிருக்கும் இயற்கைப் பூச்சு கழுவினால் போய்விடும். ஒருமுறை குளிரவைத்ததை வெளியே எடுத்து வைத்தால் மேலே நீர் கோத்து, கிருமிகள் உள்ளே போக வழியாகும். மலிவாகத் தருகிறார்கள் என்று விரிசல் முட்டை வாங்குவதில் எனக்கு உடன்பாடில்லை. ஓடு விட்ட இடத்தில் சால்மோனெல்லா என்ற நோய்க்கிருமி நுழைந்துவிட்டால் வெயிலில் சில மணி நேரத்திலேயே பெருகும். வீட்டுக்கு வரும் வழியில் விரிசல் விட்டதென்றால் அன்றே உடைத்து, கரு முழுதும் கெட்டியாகும்வரை வேகவைத்துச் சாப்பிடலாம். அரைவேக்காட்டுக்கும் ஆஃப்பாயிலுக்கும் அது ஆகாது.