குளச்சலில் வென்றவர்கள் ஏன் கடல் கடக்கவில்லை?

குளச்சல் கடற்கரையில் நிற்கும் வெற்றித்தூண், 1741இல் திருவிதாங்கூர்ப் படை டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியை முறியடித்ததற்குச் சான்று. குமரி மாவட்டத்தில் அந்நியரை விரட்டிய வீரக்கதையாகவே இது சொல்லப்படுகிறது. வென்ற மன்னர் அடுத்து என்ன செய்தார் என்பது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. மார்த்தாண்ட வர்மா, சிறைப்பட்ட டச்சுத் தளபதி டிலனாயைக் கொண்டே தம் படைக்கு ஐரோப்பிய முறையில் பயிற்சி அளித்து, காயங்குளம், அம்பலப்புழை, தெக்கும்கூர், வடக்கும்கூர் ஆகிய அண்டை நாடுகளை ஒவ்வொன்றாகத் தம் ஆட்சிக்குள் கொண்டுவந்தார். நல்லமிளகு வணிகம் அரசின் தனியுரிமை ஆயிற்று. கம்பெனி எதை நாடி வந்ததோ, அதைத்தான் அவரும் கைப்பற்றினார்.

அப்படியானால் வலுப்பெறும் வட்டார அரசுகள் எல்லாம் உலகப் பேரரசுகளாக மாறிவிடுமா? மன்னரின் குணத்தில் இதற்கு விடை தேடுவது வீண் என்பேன். தொலைவையும் தேவையையும் பார்க்க வேண்டும். ஓர் அரசின் வலிமை அதன் மையத்தில் மிகுந்தும், தொலைவு கூடக் கூடக் குறைந்தும் இருக்கும் என்று பொருளியல் அறிஞர் கென்னத் போல்டிங் 1962இல் விளக்கினார். படையும் உணவும் வெடிமருந்தும் கடந்தாக வேண்டிய ஒவ்வொரு காதமும் செலவைக் கூட்டுகிறது. குளச்சலில் இறங்கிய டச்சுக்காரருக்கு நேர்ந்ததும் இதுவே: அதே காலத்தில் ஜாவாவில் போர் மூண்டிருந்ததால், கம்பெனியின் ஆசியத் தலைமையிடமான படேவியாவிலிருந்து (இன்றைய ஜகார்த்தா) போதிய உதவிப்படை வரவில்லை. திருவிதாங்கூருக்கோ நாஞ்சில் நாட்டு நெல் கைக்கெட்டும் தொலைவில் விளைந்தது.

தொலைவு மட்டுமே தடை என்றால், கப்பல் கட்டி அதைக் கடந்திருக்கலாம். ஆனால் மிளகு வாங்குவோர் தாமாகவே கரை தேடி வந்தபோது, கடலுக்கு அப்பால் படை அனுப்பிக் காக்க வேண்டிய பொருள் எதுவும் திருவிதாங்கூருக்கு இல்லை. அந்தத் தேவை எழும்போது நடத்தையும் மாறுகிறது. அமெரிக்கக் கண்டங்களில் புதிதாகக் குடியேற்றங்கள் அமைக்கக் கூடாது என்று 1823இல் ஐரோப்பியரை எச்சரித்த அமெரிக்கா, ஆசியச் சந்தையில் நாட்டம் மிகுந்த 1898இல் பசிபிக்கின் மறுகரையிலிருந்த பிலிப்பைன்சையே எடுத்துக்கொண்டது.

இன்று தொலைவைச் சுருக்கும் வழி வேறு. சீனா 2017இல் கிழக்கு ஆப்பிரிக்க நாடான ஜிபூட்டியில் தன் முதல் அயல்நாட்டுப் படைத்தளத்தைத் திறந்தது. அதே ஆண்டில் இலங்கையின் அம்பாந்தோட்டைத் துறைமுகம் 99 ஆண்டுக் குத்தகைக்குச் சீன அரசு நிறுவனத்திடம் சென்றது. மேற்காசிய எண்ணெயை நம்பியிருக்கும் சீனாவுக்கு, குமரிமுனைக்குத் தெற்கே செல்லும் கப்பல் வழி உயிர்நாடி. பக்கத்து நாடு என்பதாலேயே எதுவும் எளிதாகிவிடாது என்பதும் உண்மை. இலங்கைக்கு 1987இல் சென்ற இந்திய அமைதிப்படை 1990இல் திரும்ப வேண்டியதாயிற்று.

இன்றைய குத்தகையை அன்றைய கம்பெனிக் கோட்டையோடு ஒப்பிடுவதில் எனக்குத் தயக்கம் உண்டு. ஜிபூட்டியில் அமெரிக்கா, பிரான்சு, ஜப்பான் ஆகியவற்றுக்கும் தளங்கள் உள்ளன. அச்சிறு நாடு பெரிய நாடுகளிடமிருந்து வாடகை பெறுகிறது. 1741இல் குளச்சலில் இறங்கிய டச்சுக்காரர் யாரிடமும் வாடகை பேசவில்லை.